மேஜைக்கு அடியில் ஈரம்

அன்று காலை சாண்டா கிளாராவில் ஓட்டல் அரங்கின் மேடையில் மண்டியிட்டு, ஒரு செம்புக் குழாயைச் சுற்றியிருந்த தடித்த ஃபோம் உறையை ரோண்டா வெய்காண்ட் தன் கையாலேயே கத்தரித்துக்கொண்டிருந்தாள். ஓடும்போது குளிர்கிற அந்தக் குழாய் உறை இல்லாவிட்டால் வியர்க்கும். இது அவளுக்குத் தெரியாததல்ல. நார்கிராஃப்ட் கம்பெனியில் கம்ப்யூட்டர் சிப்பு சூடாகாமல் பார்த்துக்கொள்வதுதான் அவள் வேலை. அந்த வேலையில், சிப்பு செய்கிற எங்கள் பள்ளத்தாக்கில் அவளுக்குச் சமமாகச் சொல்ல ஒருவனைத்தான் சொல்லலாம். அவன் இப்போது எதிரிக் கம்பெனியில் இருந்தான்.

"இன்னும் கொஞ்சம் எடு," என்றான் ட்ரெண்ட் ஸ்டோவர். நார்கிராஃப்டின் விற்பனைப் பிரிவுக்கு அவன்தான் தலைவன். "மாவுக்கட்டு போட்ட கை மாதிரி இருக்கு. முன்வரிசையில உக்காந்திருக்கறவன் பாத்தா உடனே என்னன்னு கேப்பான்."

"உறை இல்லன்னா தண்ணி கோக்கும், ட்ரெண்ட்."

"லேப்ல கோத்துச்சா?"

"அங்க காத்துல ஈரமே இருக்காது. அப்படித்தான் வச்சிருக்கோம்."

"இங்க ஏசி ஓடுது. அரை மணி நேர ஷோ. அதுக்குள்ள என்ன வெள்ளமா வந்துடப் போகுது?"

ரோண்டா எழுந்து, காலி அரங்கை ஒருமுறை சுற்றிப் பார்த்தாள். ஈரம் எவ்வளவு என்று கையிலிருந்த கருவியில் பார்த்துக்கொண்டாள். தாங்கும் என்று தோன்றியது. மீதி உறையையும் கத்தரித்துப் பையில் போட்டுக்கொண்டாள். கறுப்பு மேஜை விரிப்பைத் தரைவரை இழுத்துவிட்டதும் ஒன்றுமே வெளியே தெரியவில்லை. மேஜைமேல் ஒரு கம்ப்யூட்டர், திரையில் ஒரு எண். பார்க்க அவ்வளவுதான்.

அந்த இரண்டாயிரமாவது வருடம் எங்களுக்கு அந்த எண்ணைத் தவிர வேறு பேச்சு கிடையாது. சிப்பு ஒரு நொடியில் எத்தனை தடவை துடிக்கிறது என்பதை மெகாஹெர்ட்ஸில் சொல்வோம். துடிப்பு கூடினால் கம்ப்யூட்டர் செய்கிற வேலையும் அதே அளவு கூடுமா என்று யாராவது கேட்டால், எங்களில் ஒருவரும் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்ல மாட்டோம். கூடாது என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் கடைக்கு வருகிறவர் இரண்டு பெட்டியைப் பார்ப்பார், எதில் பெரிய எண் போட்டிருக்கிறதோ அதைத் தூக்கிக்கொண்டு போவார். அவருக்காகவே நாங்கள் எண்ணைச் செய்தோம். கூச்சப்பட்டிருக்கலாம். யாரும் படவில்லை.

நார்கிராஃப்டுக்கும் எதிரிக் கம்பெனியான ஹால்வருக்கும் நடுவே 237-ஆம் நெடுஞ்சாலை ஓடியது. ஒரு கம்பெனியின் மாடியில் நின்றால் மற்றதன் கார் நிறுத்துமிடம் தெரியும். ஹால்வர்காரர்கள் ஆயிரத்தைத் தொட்ட அன்று, எங்கள் பக்கம் பார்த்து ஒரு பெரிய பேனர் கட்டினார்கள்: "பின்னாடி வர்றவங்களுக்கு வணக்கம்." நார்கிராஃப்டில் மதியச் சாப்பாடே யாருக்கும் இறங்கவில்லை. மறுநாள் ஸ்டோவர் எல்லோரையும் கூப்பிட்டு, அடுத்த எண் ஆயிரத்து இருநூறு என்றான். சிப்பு தயாரா என்று அவன் கேட்கவில்லை.

சிப்பு தயாராக இல்லை. ஃபேனும் அலுமினியத் தகடும் மட்டும் வைத்தால் ஆயிரத்தைக் கொஞ்சம் தாண்டியதும் திரை உறைந்து நின்றது. ஆனால் ரோண்டாவின் லேபில் ஒரு குளிர்ப்பெட்டி உண்டு. ஃப்ரிட்ஜில் இருக்கிறதே, அதே மாதிரி கம்ப்ரஸர். சிப்பை உறைபனிக்கும் கீழே கொண்டுபோய், அதன் கடைசி வரம்பு எது என்று தெரிந்துகொள்ள வைத்திருப்பார்கள். இது எல்லா லேபிலும் இருப்பதுதான், தப்பில்லை. அந்தப் பெட்டியை மாட்டினால் ஆயிரத்து இருநூறு ஓடியது. "அதையே மேஜைக்கு அடியில வை," என்றான் ஸ்டோவர். "வெறும் ஃபேன் காத்துல ஓடுதுன்னு நான் சொல்ல மாட்டேன். பெட்டியில ஓடுதுன்னும் சொல்ல மாட்டேன். யாரும் கேக்கலன்னா யாரும் பொய் சொல்லல." ரோண்டாவுக்கு இது பிடிக்கவில்லை. பிடிக்கவில்லை என்று வீட்டில் போய்ச் சொன்னாள், ஆபீஸில் சொல்லவில்லை.

மழை நாள் அது. அரங்கம் நிரம்பிக்கொண்டிருந்தது. பத்திரிகைக்காரர்கள், கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர்கள், பணம் போட்டவர்கள் எல்லோரும் நனைந்த கோட்டோடு உள்ளே வந்தார்கள். பின்பக்கம் பெரிய பாத்திரங்களில் காபி ஆவி பறந்தது. எதிரிக் கம்பெனியின் ஆட்களைக் கூப்பிட்டு முன்வரிசையில் உட்கார வைப்பது எங்கள் ஊர் வழக்கம். வயிற்றெரிச்சலை நேரில் பார்க்கத்தான். வந்தவர்களும் தங்கள் கம்பெனி அட்டையை இடுப்பில் தெரியும்படி மாட்டிக்கொண்டு, சிரித்த முகமாக உட்கார்ந்திருப்பார்கள். ஹால்வரிலிருந்து வந்தவன் லைல் பெட்ராகிஸ்.

அவனைத்தான் முன்னால் சொன்னேன். நார்கிராஃப்டில் ரோண்டாவுக்கு அடுத்த தடுப்பில் வருடக்கணக்கில் உட்கார்ந்திருந்தவன். ஹால்வருக்குப் போன பிறகும் வியாழக்கிழமை மதியம் இருவரும் லாரன்ஸ் சாலையில் இருக்கும் புரிட்டோ கடையில் சேர்ந்துதான் சாப்பிட்டார்கள். இரண்டு கம்பெனியிலும் எல்லோருக்கும் இது தெரியும். யாரும் ஒன்றும் சொன்னதில்லை, ஏனென்றால் இவர்களுக்குள் ஒரு கட்டுப்பாடு இருந்தது. எண் பற்றி ஒருவரை ஒருவர் கேட்பதில்லை. எப்போதாவது கேட்கும்படி வந்துவிட்டால் பொய் சொல்வதில்லை. இத்தனை வருடத்தில் ஒருவரும் கேட்டதில்லை என்பதால் இரண்டாவது பாதிக்கு வேலை வந்ததே இல்லை.

லைல் காகிதக் கோப்பையில் தண்ணீர் பிடித்துக்கொண்டு நேராக மேடைக்கு வந்தான். சிரித்தான், ஆனால் முகம் தெளிவாக இல்லை.

"ஒண்ணு கேக்கணும் ரோண்டா. கேக்கக்கூடாதுதான்."

"அப்ப கேக்காத."

"வேற வழியில்ல. இந்த வருஷம் வெறும் காத்துல ஆயிரத்து இருநூறு யாராலயும் முடியாதுன்னு அங்க எழுந்து நின்னு சொல்லியிருக்கேன். என் பேச்சை நம்பித்தான் ஆயிரத்தோட நிறுத்தி வச்சிருக்காங்க. பாத்துட்டு வந்து சொல்லுன்னு என்னைய அனுப்பியிருக்காங்க." குரலைத் தாழ்த்தினான். "இது காத்தா?"

பின்னால் ஸ்டோவர் மைக்கைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் காது கேட்கும் தூரம். ரோண்டா லைலின் சட்டைப் பொத்தானைப் பார்த்தாள்.

"காத்துதான்," என்றாள்.

லைல் அப்படியே நின்றான். அவன் கண்ணில் சந்தேகம் ஏதாவது வந்திருந்தால் அவளுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். வரவில்லை. "அடேங்கப்பா," என்றான். "எப்படிச் செஞ்சேன்னு ஒரு நாள் சொல்லித் தரணும்." அவள் தோளைத் தட்டிவிட்டுப் போய் நாற்காலியில் உட்கார்ந்தான்.

ஸ்டோவர் பேச ஆரம்பித்தான். திரையில் எண் ஏறியது. தொள்ளாயிரம், ஆயிரம். ஹால்வரின் எண்ணைத் தாண்டியபோது கைதட்டல். ரோண்டா மேஜை பக்கத்தில் நின்றுகொண்டு, காதை மட்டும் கீழே வைத்திருந்தாள். கம்ப்ரஸர் சத்தம் ஸ்பீக்கரில் போட்டிருந்த பாட்டில் அமுங்கியிருந்தது. நிம்மதியாக மூச்சுவிட்டபோதுதான் உறைத்தது. காலையில் காலி அரங்குக்குக் கணக்குப் போட்டாள். இப்போது இத்தனை பேர் மூச்சுவிடுகிறார்கள், இத்தனை கோட்டு காய்கிறது, இவ்வளவு காபி ஆவியாகிறது. வெப்பமும் ஈரமும்தான் அவள் பிழைப்பே. அவள் போய் மனிதர்களைக் கணக்கில் சேர்க்காமல் விட்டிருக்கிறாள்.

கீழே பார்த்தாள். கறுப்பு விரிப்பின் ஓரத்திலிருந்து ஒரு ஈரக்கோடு வெளியே வந்திருந்தது. மேடை ஒரு படி உயரம்தான், முன்பக்கம் கொஞ்சம் சாய்வு. தண்ணீர் அவசரப்படாமல் பலகை இடுக்கு வழியாக விளிம்புக்கு வந்து, முன்வரிசைக்கு எதிரே சொட்ட ஆரம்பித்தது.

முதலில் பார்த்தவன் லைல். சொட்டைப் பார்த்தான், விரிப்பைப் பார்த்தான், பிறகு ரோண்டாவைப் பார்த்தான். அவ்வளவுதான், எல்லாம் புரிந்துவிட்டது. அந்த வேலை தெரிந்தவனுக்கு ஒரு சொட்டு போதும். அவனுக்குப் பக்கத்தில் பத்திரிகைக்காரர் ஒருவர் தலையைக் குனிந்து, என்ன இது என்பதுபோல் காலை நகர்த்தினார். ரோண்டா லைலின் வாயைப் பார்த்தாள். இவன் ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்ல வேண்டியதும் அவன் கடமைதான்.

லைல் கால்மேல் கால் மாற்றிப் போட்டான். போடும்போது அவன் கோப்பை கவிழ்ந்தது. தண்ணீர் மேடை விளிம்பு முழுக்கச் சிதறி, சொட்டுகிற தண்ணீரோடு கலந்தது.

"ஐயோ, மன்னிச்சுக்கங்க," என்று பக்கத்திலிருந்தவரிடம் சொல்லி, கைக்குட்டையை எடுத்துக் குனிந்து துடைத்தான். துடைத்துவிட்டு அந்தக் கைக்குட்டையை அப்படியே விளிம்பில் அணைத்து வைத்தான்.

ஸ்டோவர் இந்த மாதிரி சந்தர்ப்பத்தை விடுகிறவன் இல்லை. "பாருங்க, ஹால்வர்ல இருந்து வந்தவருக்கு நம்ம வேகத்தைப் பாத்துக் கை நடுங்கிடுச்சு," என்றான் மைக்கில். "ஒண்ணும் இல்ல சார், பழகிடும். யாராவது அவருக்கு ஒரு மூடி போட்ட டம்ளர் குடுங்கப்பா, குழந்தைங்களுக்குக் குடுப்பாங்கல்ல, அது."

அரங்கமே சிரித்தது. லைல் கையை உயர்த்தி, சிரித்துக்கொண்டே தலையாட்டினான். அவன் கழுத்து சிவந்திருந்தது. மேடையில் நிற்கிறவள் சிரிக்காமல் நின்றால் கவனிப்பார்கள் என்று ரோண்டாவுக்குத் தோன்றியது. அவளும் சிரித்தாள்.

பொய் சொன்னதைவிட, உறையைக் கத்தரித்ததைவிட, அந்தச் சிரிப்புதான் பிறகு அவளை விடவே இல்லை. பல் தேய்க்கும்போது கண்ணாடியில் தன் வாயைப் பார்க்க அருவருப்பாக இருந்தது.

ஷோ முடிந்ததும் கை குலுக்க வந்தவர்களை விலக்கிக்கொண்டு அவள் வெளியே ஓடினாள். ஓட்டல் வாசலில் மழைக்கு ஒதுங்கி லைல் செல்போனில் பேசிக்கொண்டிருந்தான்.

"ஆமா. காத்துதான்... ஆமா, நான் கிட்டப் போய்ப் பாத்தேன்... தப்பா சொல்லிட்டேன்னு ஒத்துக்கறேன். நான் சொன்னது தப்பு."

போனை மடக்கிவிட்டுத் திரும்பினான்.

"ஏன் அப்படிச் சொன்ன?" என்று கேட்டாள் ரோண்டா.

"நீ சொன்னதைத்தான் சொன்னேன்."

"லைல், நீதான் பாத்தியே."

"பாத்தேன். பெட்டின்னு சொன்னா சாயங்காலத்துக்குள்ள எல்லாப் பேப்பர்லயும் உன் பேர் வரும். ஸ்டோவர் பேர் வராது. அது உனக்கே தெரியும்." கார் சாவியைத் தேடினான். "உன்னை அப்படிப் பண்ண எனக்கு மனசு வரல, விடு."

"நான் வேணும்னே..."

"வேண்டாம் ரோண்டா. சொல்லாத. இப்ப எது சொன்னாலும் இது உண்மையான்னு நான் யோசிக்க வேண்டியிருக்கும்."

அடுத்த வியாழக்கிழமை அவள் புரிட்டோ கடையில் வழக்கமான மேஜையில் உட்கார்ந்திருந்தாள். கடைக்காரர் கேட்காமலே இரண்டு தட்டு கொண்டுவந்து வைத்தார். லைல் வரவில்லை. அதற்கடுத்த வாரம் அவளும் போகவில்லை. அவனுக்குப் போன் செய்ய எடுப்பாள், வைப்பாள். சொந்த கம்பெனிக்குள்ளேயாவது போய் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று ஒரு முறை மேல்மாடி வரை போனாள். அங்கே ஆயிரத்து இருநூறு என்று எழுதிய கேக்கை வெட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு துண்டு அவள் கையிலும் வைத்தார்கள். தின்றுவிட்டு வந்தாள்.

ஏப்ரலில் ஹால்வரிலிருந்து அழைப்பு வந்தது. எண் ஆயிரத்து முந்நூறு.

"காத்துலயா செஞ்சிருப்பாங்க?" என்று ஸ்டோவருக்கு வேர்த்தது. அவன் தன் பொய்யைத் தானே நம்ப ஆரம்பித்துப் பல நாள் ஆகியிருந்தது. "நீயே போ ரோண்டா. உன் கண்ணை யாரும் ஏமாத்த முடியாது. முடிஞ்சதும் எனக்குப் போன் பண்ணு."

ஸான் ஹோசேயில் இன்னொரு ஓட்டல், இன்னொரு அரங்கம். முன்வரிசை நாற்காலியில் அவள் பெயர் ஒட்டியிருந்தது. நார்கிராஃப்ட் அட்டையை இடுப்பில் மாட்டிக்கொண்டு போய் உட்கார்ந்தாள். மேடையில் கறுப்பு விரிப்பு போட்ட மேஜை. பக்கத்தில் லைல். மெலிந்திருந்தான். முடிவெட்டிக்கொண்டு, டை கட்டியிருந்தான். அவனை அப்படி அவள் பார்த்ததே இல்லை.

அவன் இறங்கி வந்தான்.

"காபி குடிச்சியா?"

"ம்."

இருவரும் பின்னால் நிரம்பிக்கொண்டிருந்த நாற்காலிகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"கேக்க மாட்டியா?" என்றான் லைல்.

"நாமதான் கேக்கறதில்லையே."

"நான் கேட்டேனே."

அவள் திரும்பி ஒரு காகிதக் கோப்பையில் தண்ணீர் பிடித்தாள். அவனும் நிற்கவில்லை.

விளக்கு மங்கியது. எண் ஏற ஆரம்பித்தது. ரோண்டா திரையைப் பார்க்கவில்லை, விரிப்பின் கீழ் ஓரத்தைப் பார்த்தாள். கறுப்புத் துணிக்கும் பலகைக்கும் நடுவே ஒரு விரல் அகலத்துக்கு வெள்ளையாக ஏதோ தெரிந்தது. கண்ணை இடுக்கிப் பார்த்தாள். ஓட்டல் குளியலறைத் துண்டு. நாலாக மடித்து, மேஜைக்கு அடியில் சுற்றிலும் பொருத்தி வைத்திருந்தான். லைல் எதையும் அரைகுறையாகச் செய்ய மாட்டான்.

அவளுக்கு முகம் எரிந்தது. முடியாது என்று எழுந்து நின்று சொன்னவன் அவன். நார்கிராஃப்ட் காற்றில் செய்துவிட்டது என்று அவன் வாயாலேயே சொன்ன பிறகு, அப்படியென்றால் நீயும் செய் என்று அவர்கள் கேட்டிருப்பார்கள். அவன் என்ன சொல்லியிருக்க முடியும்? அவளைக் காட்டிக்கொடுக்க வேண்டும், அல்லது அவள் செய்ததைச் செய்ய வேண்டும். அவன் துண்டு மடித்திருக்கிறான்.

கையில் தண்ணீர்க் கோப்பை இருந்தது. அதை மடியில் பிடித்துக்கொண்டு கடைசிவரை தயாராக உட்கார்ந்திருந்தாள். ஒரு சொட்டு வெளியே வந்தாலும் கவிழ்த்துவிட வேண்டும், அரங்கம் முழுக்கச் சிரிக்கட்டும், சிரித்தால் நல்லது என்றுகூட நினைத்தாள். ஒரு சொட்டும் வரவில்லை. அவனுக்குத் திருப்பிக் கொடுக்க அவளிடம் இருந்தது அந்த ஒன்றுதான், அதற்கும் வேலை இல்லாமல் போயிற்று. எண் ஆயிரத்து முந்நூறில் நின்றது. எல்லோரும் எழுந்து கைதட்டினார்கள்.

கூட்டம் காபி பக்கம் நகர்ந்ததும் அவள் போன் அடித்தது.

"சொல்லு," என்றான் ஸ்டோவர். "காத்தா, பெட்டியா?"

பெட்டி என்று சொன்னால் சாயங்காலத்துக்குள் லைலின் பெயர் எல்லாப் பேப்பரிலும் வரும். அதை முதல் வேலையாகச் செய்ய ஸ்டோவருக்குக் கூச்சமே இருக்காது. அவள் மேடையைப் பார்த்தாள். லைல் விரிப்பைத் தூக்கி, குனிந்து துண்டை எடுத்துக்கொண்டிருந்தான். அவள் குரல் கேட்கும் தூரம்தான்.

"காத்துதான்," என்றாள்.

லைலின் முதுகு அசையாமல் நின்றது.

"நாசமாப் போச்சு. சரி, ஆயிரத்து நானூறு," என்றான் ஸ்டோவர். "ஜூனுக்குள்ள. பெட்டியைப் பெருசாக்கு."

போனை மடக்கிவிட்டு ரோண்டா மேடை ஏறினாள். துண்டு நனைந்து கனத்திருந்தது. லைல் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு, தண்ணீர் விழாமல் எப்படி எடுப்பது என்று தடுமாறினான். அவள் கீழே கிடந்த குப்பைக்கூடையைக் காலால் நகர்த்தி வைத்து, மற்ற முனையைப் பிடித்தாள். இருவரும் எதிரெதிர்ப் பக்கமாக முறுக்கினார்கள். தண்ணீர் கூடையில் கொட்டியது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

"எவ்வளவு?" என்று கேட்டான் லைல்.

இத்தனை வருடத்தில் அடுத்த எண் எது என்று அவன் கேட்டதும் இல்லை, அவள் சொன்னதும் இல்லை.

"ஆயிரத்து நானூறு."

அவன் இன்னொரு முறுக்கு முறுக்கினான். "அதுக்குத் துண்டு பத்தாது," என்றான். "வாளி வை."